982.002 மெகாஹெர்ட்ஸ்: பாஸ் ஆன சிக்னலை எதை வைத்துத் தள்ளினார்கள்?

தென்திசை | ஜூன் 3, இரவு 9:12

சூரியனுக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரி பக்கம் 2019இல் பிடிபட்ட 982.002 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ சிக்னல், பிஎல்சி1 பற்றித்தான். டிஷ்ஷை நட்சத்திரத்தின் மேல் வைத்தால் சிக்னல் இருக்கிறது, தள்ளி வைத்தால் இல்லை. வேற்றுலக சிக்னல் தேடுகிறவர்கள் கேட்பதே இதுதானே? அப்புறம் 2021இல் "குறுக்கீடு" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். எந்தக் கருவியின் குறுக்கீடு என்று கேட்டால் பதில் இல்லை. திருடனைக் காட்டாமலே வழக்கை முடித்தாயிற்று. மூடி மறைத்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

கம்பிவலை | ஜூன் 3, இரவு 10:40

ஒரே சொல் இல்லை. 2021 அக்டோபரில் நேச்சர் அஸ்ட்ரானமி ஆய்விதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று எப்படித் தேடினார்கள் என்பது. மற்றது பிஎல்சி1ஐ மட்டும் எடுத்து எப்படி அறுத்துப் பார்த்தார்கள் என்பது. மூடி மறைக்கிறவர்கள் இரண்டாவதை எழுதவே மாட்டார்கள்.

முதலில் எண்கள். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் 64 மீட்டர் டிஷ், 2019 ஏப்ரல் 29 முதல் சில நாட்கள். ரிசீவர் 704 முதல் 4032 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே வீச்சில் எடுக்கும். அந்தத் தரவில் குறுகிய அலைவரிசை சிக்னல் என்று டர்போசெட்டி என்ற தேடல் மென்பொருள் கொடி காட்டியவை 41,72,702. அவற்றில் நட்சத்திரத்தின் மேல் இருக்கும்போது தெரிந்து, தள்ளி வைத்தபோது தெரியாதவை 5,160. கண்ணால் பார்த்துக் கழித்த பிறகு மிஞ்சியது ஒன்று.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால் ஆச்சரியப்படலாம். 41 லட்சம் காக்கை உட்கார்ந்தால் ஏதோ ஒரு மரத்தில் பழம் விழத்தான் செய்யும். ஆன்-ஆஃப் சல்லடையைத் தாண்டியது ஒன்று என்பதில் அதிசயம் இல்லை. ஒன்றுதானா என்பதுதான் எனக்கு அதிசயம்.

கம்பிவலை | ஜூன் 3, இரவு 11:25

இன்னொரு விஷயம் விட்டுப்போயிற்று. அந்தக் கவனிப்பு வேற்றுலகத் தேடலுக்காக வகுக்கப்பட்டதே இல்லை. பிராக்சிமா அடிக்கடி தீப்பிழம்பு கக்கும் சிவப்புக் குள்ளன், அந்தப் பிழம்புகளைப் பார்க்க வகுத்த திட்டம். அதனால் நட்சத்திரத்தின் மேல் 30 நிமிடம், அளவுக்குறிப்புக்காக வேறொரு மூலத்தின் மேல் 5 நிமிடம் என்று மாறி மாறி ஓடியது. வழக்கமான தேடலில் ஆன் 5 நிமிடம், ஆஃப் 5 நிமிடம், ஆக மூன்று ஜோடி.

இந்த 30க்கு 5 ஏன் வம்பு என்றால், சிக்னல் வலு நேரத்தின் வர்க்கமூலத்தோடு கூடும். 30 நிமிடத்தில் இரைச்சலைவிட 20 மடங்கு நிற்கும் சிக்னல் 5 நிமிடத்தில் √6ஆல் வகுபட்டு 8 மடங்கு சொச்சம்தான் நிற்கும். 10 மடங்காவது நின்றால்தான் சிக்னல் என்று வாசல் வைத்திருந்தால் ஆஃபில் "இல்லை" என்று வரும். சிக்னல் அங்கேயேதான் இருக்கும், நம் வாசல்தான் உயரம்.

ஊசிவெயில் | ஜூன் 4, காலை 6:50

நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் கதை. 😀

ஆனால் கம்பிவலை, நீங்கள் சொன்ன √6 பொதுவாகச் சரி. பிஎல்சி1ஐ அது மட்டும் விளக்காது. கட்டுரையின் முடிவு அதுவல்ல. குறுக்கீடு தானே நேரத்துக்கு நேரம் ஏறி இறங்கியது, அந்த ஏற்ற இறக்கம் டிஷ் நகர்ந்த வரிசையோடு தற்செயலாகப் பொருந்திப்போனது என்கிறார்கள்.

கம்பிவலை | ஜூன் 4, காலை 7:35

ஆமாம், ஒப்புக்கொள்கிறேன். வாசல் உயரத்தை எச்சரிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், விளக்கமாக அல்ல.

தென்திசை | ஜூன் 4, காலை 8:02

சரி, தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். தற்செயல் என்று எப்படித் தெரியும்? அதுதான் என் கேள்வி.

கம்பிவலை | ஜூன் 4, இரவு 9:30

கூடப் பிறந்தவர்களை வைத்து.

பிஎல்சி1 சில மணி நேரம் நீடித்தது, மெல்ல நகர்ந்தது, நொடிக்கு சுமார் 0.038 ஹெர்ட்ஸ். அந்த நகர்வின் வளைவு ஒரு கைரேகை மாதிரி. அதே கைரேகை வேறு அலைவெண்களில் இருக்கிறதா என்று முழுத் தரவையும் சலித்தார்கள். சுமார் 60 கிடைத்தன. அவற்றில் பல, நட்சத்திரத்தை விட்டு டிஷ் விலகியபோதும் தெரிந்தன. சில கண்ணாடிப் பிம்பம் மாதிரி, இது ஏறும்போது அது இறங்கியது. எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகள். அண்ணன் தம்பிகள் ஊரிலேயே திரியும்போது ஒருவன் மட்டும் நான்கு ஒளியாண்டு தாண்டி வந்தவன் என்றால் யார் நம்புவது?

பிம்பம் ஏன் வருகிறது என்பதைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு பெருக்கி நேர்கோட்டில் வேலை செய்யாமல் திணறும்போது, உள்ளே வரும் இரண்டு அலைகள் கலந்து புதிதாக மூன்றாவதைப் பெறும். உதாரணத்துக்கு 900, 850 மெகாஹெர்ட்ஸ் இரண்டு அலைகள். கலவையில் 2×900 − 850 = 950 என்று ஒன்று, 2×850 − 900 = 800 என்று ஒன்று. இப்போது 900 மட்டும் நொடிக்கு 0.01 ஹெர்ட்ஸ் ஏறுகிறது என்று வையுங்கள். 950இல் பிறந்தது 0.02 ஏறும். 800இல் பிறந்தது 0.01 இறங்கும். ஒரே மூலம், ஒன்று ஏறும், ஒன்று இறங்கும், வேகமும் வேறு. இப்படிப் பிறந்த அலைவெண்களில் எந்த டிரான்ஸ்மிட்டரும் தேவையில்லை. அதனால்தான் 982.002இல் யார் ஒலிபரப்புகிறார்கள் என்று உரிமப் பட்டியலில் தேடினால் ஒன்றும் சிக்காது. அங்கே யாரும் ஒலிபரப்பவே இல்லை.

பிஎல்சி1 குடும்பத்தின் இடைவெளிகள் மின்னணுக் கருவிகளில் சாதாரணமாக இருக்கும் கடிகார ஆஸிலேட்டர்களின் மடங்குகளோடு ஒத்துப்போயின. 133.33 மெகாஹெர்ட்ஸ் மாதிரி எண்கள். கணினிக்குள் இருப்பவை.

ஊசிவெயில் | ஜூன் 4, இரவு 10:15

அந்த 0.038ஐ, இந்தக் கடிகார ஆஸிலேட்டர்களுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகத்தின் கண்ணால் பார்த்தால் இன்னும் சப்பென்று போகும்.

0.038ஐ 982,002,000ஆல் வகுத்தால் நொடிக்கு சுமார் 3.9 × 10⁻¹¹. ஒரு மணி நேரத்துக்கு 1.4 × 10⁻⁷, அதாவது பத்து லட்சத்தில் 0.14 பங்கு. கடைத்தெரு படிகம் அதன் முழு வெப்ப வீச்சில் பத்து லட்சத்தில் 20 பங்கு வரை விலகலாம் என்றுதான் அட்டையிலேயே போட்டிருப்பார்கள். ஆக ஏசி நின்று ஓடும் அறையில் ஓரிரு டிகிரி மாறினாலே இந்த நகர்வு வந்துவிடும். கோள் சுற்றத் தேவையில்லை.

தென்திசை | ஜூன் 5, காலை 7:20

படிகக் கணக்கு நன்றாக இருக்கிறது. ஆனாலும் கருவியைக் கையும் களவுமாகப் பிடிக்கவில்லையே.

கம்பிவலை | ஜூன் 5, மதியம் 1:05

பிடிக்கவில்லை, உண்மை. அதே பார்க்ஸில் கையும் களவுமாகப் பிடித்த கதையும் உண்டு, அதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1998 முதல் அங்கே அவ்வப்போது ஒரு விநோதத் துடிப்பு வந்துகொண்டிருந்தது. பெரிட்டான் என்று பெயர் வைத்தார்கள். ஆழ்வானத்திலிருந்து வரும் துடிப்பு போலவே உயர் அலைவெண் முதலில், தாழ் அலைவெண் பின்னால் என்று சரிந்து வரும். சந்தேகம் இரண்டு. ரிசீவரில் 13 கற்றைகள், ஒவ்வொன்றும் வானத்தில் வேறொரு இடத்தைப் பார்க்கும். வானத்துப் புள்ளி மூலம் ஒன்றிரண்டு கற்றையில் தெரிய வேண்டும், இது பதின்மூன்றிலும் தெரிந்தது. இரண்டாவது, ஆபீஸ் நேரத்தில்தான் வந்தது. வானத்துக்கு ஏது மதியச் சாப்பாடு!

2015இல் எமிலி பெட்ராஃப் குழு பிடித்தது. மைக்ரோவேவ் அடுப்பு. சும்மா ஓடினால் வராது. ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்தால், அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் அணையும் கணத்தில் 1.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ஒரு துப்பு துப்பும். டிஷ்ஷும் அடுப்பை நோக்கித் தோதான கோணத்தில் இருக்க வேண்டும். முதலில் சோதித்தபோது அடுப்பை முழு நேரம் ஓடவிட்டு, அது தானாக நின்ற பிறகு திறந்தார்கள். ஒன்றும் வரவில்லை. பொறுமையில்லாத மனிதன் மாதிரி பாதியில் திறந்தபோதுதான் வந்தது.

பதினேழு வருடம் ஆயிற்று, அதுவும் திரும்பத் திரும்ப வந்த ஒன்றுக்கு. பிஎல்சி1 திரும்ப வரவில்லை. பிராக்சிமாவை மறுபடி பார்த்தபோது கிடைக்கவில்லை. திரும்ப வராததன் சொந்தக்காரனைப் பிடிப்பது கடினம். ஆனால் "சொந்தக்காரன் யார் என்று தெரியாது" என்பதும் "பூமியைச் சேர்ந்ததா என்று தெரியாது" என்பதும் ஒன்றல்ல. உங்கள் சந்தேகம் இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவதால் வருகிறது.

அறுபதாம்பக்கம் | ஜூன் 5, மாலை 6:44

அப்படியானால் 1977 வாவ் சிக்னல்? அதுவும் திரும்ப வரவில்லை. அதில் 6-ஈ-க்யூ-யூ-ஜே-5 என்று ஒரு சங்கேதச் செய்தி வேறு இருந்ததாம்.

கம்பிவலை | ஜூன் 5, இரவு 9:55

செய்தியும் இல்லை, சங்கேதமும் இல்லை. அது பிரிண்டரின் சிக்கனம்.

ஒஹாயோவின் பிக் இயர் தொலைநோக்கியில் 50 சேனல்கள், ஒவ்வொன்றும் 10 கிலோஹெர்ட்ஸ் அகலம். ஒவ்வொரு சேனலுக்கும் 12 நொடிக்கு ஒரு எழுத்து அச்சாகும்: 10 நொடி சேகரிப்பு, 2 நொடி கணக்கு. அந்த எழுத்து, பின்னணி இரைச்சலைவிட சிக்னல் எத்தனை மடங்கு என்பதைச் சொல்லும். 1 முதல் 9 வரை இலக்கம். அதற்கு மேல் இரண்டு இலக்கம் அச்சிட இடமில்லை, அதனால் ஏ என்றால் 10, பி என்றால் 11. இப்படிப் படித்தால் வரிசை 6, 14, 26, 30, 19, 5. மெல்ல ஏறி, உச்சம் தொட்டு, இறங்குகிறது. ஆறு எழுத்து × 12 = 72 நொடி.

பிக் இயர் வானத்தைத் துரத்தாது, பூமி சுழலச் சுழல வானம் அதன் முன்னால் நகர்ந்து போகும். வானத்தில் நிலையாக நிற்கும் ஒரு புள்ளி அதன் கற்றையைக் கடக்கும்போது இதே கோபுர வடிவம்தான் வரவேண்டும். வானியலாளர் ஜெர்ரி எமன் அச்சான தாளில் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு ஓரத்தில் "வாவ்" என்று எழுதியது இந்த வடிவத்தைப் பார்த்துத்தான். எழுத்துகளைச் சேர்த்துப் படித்து அல்ல.

குறை எங்கே? பிக் இயருக்கு இரண்டு கொம்பு உணரிகள், சுமார் 3 நிமிட இடைவெளியில் ஒரே வானத்தை இரண்டு முறை பார்க்கும். சிக்னல் ஒன்றில்தான் இருந்தது. எந்தக் கொம்பில் என்பது பதிவில் இல்லை, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்த விடைதான் பதிவாகும். அதனால் வானத்தில் இரண்டு இடம் சாத்தியம். மேலும் 10 நொடி சராசரியும் 10 கிலோஹெர்ட்ஸ் அகலமும் மட்டுமே மிச்சம். உள்ளே செய்தி இருந்திருந்தாலும் அரைத்து மாவாகிவிட்டது, மாவிலிருந்து அரிசியை எடுக்க முடியாது.

ஊசிவெயில் | ஜூன் 6, காலை 6:30

ராபர்ட் கிரே என்பவர் பிறகு அமெரிக்காவின் வெரி லார்ஜ் அரே ரேடியோ தொலைநோக்கி வரை போய் அந்த இடங்களைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பிக் இயரே 1998இல் இடிக்கப்பட்டது. வாவ் பற்றி இன்று சொல்லக்கூடியது "தெரியவில்லை" மட்டும்தான். பிஎல்சி1க்கு அப்படி இல்லை. அங்கே கச்சாத் தரவு இருந்தது, அதனால் தள்ள முடிந்தது. வாவுக்கு ஒரு தாள் மட்டும் இருந்தது, அதனால் தள்ளவும் முடியவில்லை, கொள்ளவும் முடியவில்லை. மர்மம் பெரிதாக இருப்பதற்குக் காரணம் சில சமயம் தரவு சிறிதாக இருப்பதுதான்.

அறுபதாம்பக்கம் | ஜூன் 6, காலை 9:10

இந்த டர்போசெட்டி மென்பொருளை வீட்டுக் கணினியில் ஓட்டிப் பார்க்க முடியுமா?

கம்பிவலை | ஜூன் 7, மாலை 5:20

தாராளமாக. வாயேஜர் 1 விண்கலத்தின் சிக்னல் பதிவான கோப்பில் ஆரம்பியுங்கள். அமெரிக்காவின் கிரீன் பேங்க் டிஷ் எடுத்தது, வேற்றுலக சிக்னல் தேடும் பிரேக்த்ரூ லிசன் திட்டம் பொதுவில் வைத்திருக்கிறது, 50 எம்பிக்குள் அடங்கும். பைத்தானில் கோப்பைப் படிக்கும் பிளிம்ப்பை, சிக்னல் தேடும் டர்போசெட்டி இரண்டையும் நிறுவுங்கள். கோப்பைத் திறக்கும்போது முதல் தடுக்கல் அநேகமாக இங்கே வரும்: சுருக்கப்பட்ட எச்5 கோப்பு, அதை விரிக்கும் ஹெச்டிஎஃப்5 பிளகின் இல்லையென்றால் படிக்க முடியாது என்று நிற்கும். அதைத் தனியாக நிறுவுங்கள்.

கோப்பில் 16 வரிசை, ஒவ்வொன்றும் சுமார் 18.25 நொடி. சேனல் அகலம் 2.79 ஹெர்ட்ஸ், சுமார் பத்து லட்சம் சேனல்கள். நகர்வு உச்சவரம்பு நொடிக்கு 4 ஹெர்ட்ஸ், வாசல் 10 என்று கொடுத்து ஓட்டுங்கள். 8419 மெகாஹெர்ட்ஸ் பக்கம் மூன்று சிக்னல் வரவேண்டும். நடுவில் கேரியர் என்ற முக்கிய அலை, இரைச்சலைவிட 240 மடங்கு சொச்சம். இரு பக்கமும் சுமார் 22 கிலோஹெர்ட்ஸ் தள்ளி ஆளுக்கு 30 மடங்கு பக்கவாட்டு அலைகள். மூன்றும் ஒரே வேகத்தில், நொடிக்கு சுமார் −0.4 ஹெர்ட்ஸ் நகரும். இந்த மூன்றும் வரவில்லையென்றால் உங்கள் அமைப்பில் தப்பு, வானத்தைக் குறை சொல்லாதீர்கள்.

அங்கிருந்து அனுப்புவது 20 வாட் அளவு டிரான்ஸ்மிட்டர். குண்டு பல்பு காலத்தில் பூஜை அறைக்குப் போடும் பல்பு.

சறுக்கும் இடங்கள்: பூஜ்ய நகர்வை விலக்காவிட்டால் தரையிலுள்ள டிரான்ஸ்மிட்டர்கள் எல்லாம் பட்டியலை நிரப்பும். தரையில் நிற்பது நம்மோடு சேர்ந்தே சுழல்கிறது, நகராது. வானத்தில் இருப்பது நகரும், அதுவும் எதிர்த் திசையில் மட்டும், பூமியின் சுழற்சி அதைக் குறைத்துக்கொண்டே போகும். அடுத்து, ஒவ்வொரு பெரிய சேனலின் நட்டநடுவில் ஒரு போலிக் கூர்முனை நிற்கும். அது கருவியின் சொந்தச் சரக்கு. அதைப் பிடித்துக்கொண்டு "கிடைத்தது" என்று பதிவு போடாதீர்கள்.

ஊசிவெயில் | ஜூன் 7, இரவு 8:48

"எதிர்த் திசையில் மட்டும்" என்பதற்கு ஒரு வால் சேர்க்க வேண்டும். மூலம் உச்சிக்கோட்டிலிருந்து 6 மணி நேரத்துக்குள் இருக்கும்வரைதான். அதைத் தாண்டியும் மறையாமல் சுற்றும் நட்சத்திரமென்றால் குறி மாறும். நகர்வின் அளவுக்கு, டிஷ் இருக்கும் நிரைகோட்டின் (அட்சரேகை) கொசைன், மூலத்தின் சாய்வின் கொசைன், மூலம் உச்சிக்கோட்டிலிருந்து விலகிய நேரக் கோணத்தின் கொசைன், மூன்றும் பெருக்கல். பூமத்தியரேகையில் சுழற்சியின் முடுக்கம் நொடிக்கு நொடி 0.034 மீட்டர், 1420 மெகாஹெர்ட்ஸில் அதிகபட்சம் நொடிக்கு 0.16 ஹெர்ட்ஸ்.

பார்க்ஸிலிருந்து பிராக்சிமாவுக்குப் போட்டுப் பார்த்தேன். 982 மெகாஹெர்ட்ஸில் உச்சிக்கோட்டில் 0.043, அப்புறம் மணிக்கணக்கில் குறைந்துகொண்டே போகும். ஆக 0.038 என்ற அளவை மட்டும் பார்த்து "வானத்து நகர்வு இப்படி இருக்காது" என்று தள்ளியிருக்க முடியாது. அதனால்தான் குடும்பத்தைத் தேட வேண்டி வந்தது. இதெல்லாம் பூமியின் சுழற்சி மட்டும். பூமி சூரியனைச் சுற்றுவதும் அனுப்புகிறவரின் கோள் சுழல்வதும் தனி.

கம்பிவலை | ஜூன் 7, இரவு 9:30

ஆமாம், வால் சரி. பார்க்ஸ் 30 டிகிரிக்குக் கீழே சாயாது என்பதால் பிராக்சிமாவை 6 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் பார்க்கவே முடியாது, அங்கே குறி மாறும் பேச்சில்லை.

கம்பிவலை | ஜூன் 8, காலை 7:15

நேற்று எழுதியதில் இன்னொரு உறுத்தல். நகர்வு உச்சவரம்பு 4 என்றேன். ஆனால் 2.79ஐ 18.25ஆல் வகுத்தால் 0.153. இதைவிட வேகமாக நகரும் சிக்னல் ஒரே வரிசைக்குள்ளேயே பக்கத்துச் சேனலுக்கு வழிந்துவிடும். நொடிக்கு 4 ஹெர்ட்ஸ் என்றால் 26 சேனலில் சிதறும், ஒவ்வொன்றிலும் 26இல் ஒரு பங்கு. வாசல் 10 என்று எழுதியிருந்தாலும் அந்த வேகத்தில் நிஜ வாசல் 260. பக்கத்துச் சேனல்களைக் கூட்டிவிட்டுத் தேடினால் இழப்பு √26, அதாவது 5 மடங்கோடு நிற்கும்.

"இத்தனை நட்சத்திரம் பார்த்தோம், ஒன்றும் இல்லை" என்று வரும் அறிக்கைகளைப் படிக்கும்போது இதைக் கேளுங்கள்: எந்த நகர்வு வேகம்வரை, அந்த வேகத்தில் எத்தனை இழப்போடு? 2017இல் கிரீன் பேங்கில் 692 நட்சத்திரங்களை 1.1 முதல் 1.9 கிகாஹெர்ட்ஸில் பார்த்து ஒன்றும் இல்லை என்றார்கள். அந்த வீச்சுக்குள், குறுகிய அலையாக, பார்த்த சில நிமிடங்களில் அனுப்பிக்கொண்டிருந்தால் என்ற நிபந்தனையோடு அது உண்மை. வானியலாளர் ஜேசன் ரைட்டும் இன்னும் இரண்டு பேரும் 2018இல் போட்ட கணக்கில், இதுவரை தேடியது மொத்தப் பெருங்கடலோடு ஒப்பிட்டால் ஒரு சிறிய நீச்சல் குளம்.

தென்திசை | ஜூன் 8, இரவு 8:30

ஊட்டி ரேடியோ தொலைநோக்கியை வைத்து நாமே பார்க்கலாமே? 530 மீட்டர் நீளம் சும்மாவா.

ஊசிவெயில் | ஜூன் 8, இரவு 9:42

நீளம் சும்மா இல்லை. முத்தோரையில் மலைச்சரிவே 11 டிகிரி சொச்சம் வடக்கு-தெற்காகச் சாய்ந்திருக்கிறது, அந்த இடத்தின் நிரைகோடும் அதேதான். அதைக் கட்டிய கோவிந்த் ஸ்வரூப் அதனால்தான் அந்தச் சரிவைப் பிடித்தார். தொலைநோக்கியின் அச்சு தானாகவே பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது, ஒரே அச்சில் சுழற்றி ஒரு மூலத்தை ஒன்பது மணி நேரம் போலத் துரத்தலாம்.

ஆனால் இந்த வேலைக்கு இரண்டு முட்டுக்கட்டை. 326.5 மெகாஹெர்ட்ஸைச் சுற்றி ஒரு குறுகிய பட்டைதான், அங்கே 60 கூடப் பிறந்தவர்களைத் தேட இடமே இல்லை. 982.002 மட்டும் தெரிந்து 704 முதல் 4032 வரை தெரியாமல் இருந்திருந்தால் பிஎல்சி1 இன்னும் மர்மமாகவே இருந்திருக்கும். இரண்டாவது, 1,056 இருமுனை ஆன்டெனாக்களும் ஒரே திசையில், ஒரே துருவமுனைப்பு, அதாவது ஒரு திசையில் அதிரும் அலை மட்டும்தான் தெரியும்.

தென்திசை | ஜூன் 9, காலை 7:05

சரி, மூடி மறைத்தார்கள் என்றதை வாபஸ் வாங்குகிறேன். குற்றவாளி யார் என்ற கேள்வியை மட்டும் வாபஸ் வாங்கவில்லை.

கம்பிவலை | ஜூன் 9, காலை 7:40

வாங்காதீர்கள். வாயேஜர் கோப்பு ஓடியதா?

அறுபதாம்பக்கம் | ஜூன் 9, இரவு 10:58

என்னிடம் பிளகின் பிழையில் நிற்கிறது.